இர்த்திஷ் தெற்கே ஓடிய வருடம்

வருகைப்பதிவேட்டில் ஜான்சாயாவின் பெயருக்கு நேரே
டீச்சர் எழுதுவது ‘வரவில்லை’ அல்ல,
‘போட்டி.’
நவம்பர் முழுக்கப் போட்டி.
டிசம்பரில் இரண்டு நாள் வந்தாள்,
அதில் ஒரு நாள் தூங்கினாள்.

பக்கத்து இருக்கைக்காரி என்பதால்
நோட்டைப் படமெடுத்து அனுப்பும் வேலை எனக்கு.
அல்மாட்டியில் இரவு பதினொன்று என்றால்
அவள் இருக்கும் இன்ஸெல்லில் ஏழு.
சமையலறை விளக்கின் கீழ் பக்கத்தை அமுக்கிப் பிடிப்பேன்.
எல்லாப் படத்திலும் மூலையில்
மை படிந்த என் கட்டைவிரல்.
‘உன் மூஞ்சி மறந்துபோச்சு,
விரல் ஞாபகமிருக்கு’ என்று எழுதினாள் ஒருமுறை.

ஐந்நூறு மீட்டரை நாற்பது விநாடியில் கடப்பவளுக்கு
ஒரு பத்தியைக் கடக்க அரைமணி நேரம்.
பஸ்ஸில் படித்தால் குமட்டுமாம்.
ஐஸைச் சீவும் வண்டி வளையம் சுற்றிவரும் இடைவெளியில்,
ஸ்கேட்டைக் கழற்றாமல்,
வேதியியல்.

அரையாண்டுத் தேர்வை அங்கிருந்தே எழுதினாள்,
பயிற்சியாளர் காவலிருக்க.
இர்த்திஷ் ஆறு எந்தத் திசையில் பாய்கிறது?
இருபத்தாறு தாள்களில் அது வடக்கே ஓடியது.
இரண்டில் தெற்கே.

மாரல்குல் டீச்சர் இரண்டையும் அருகருகே வைத்து
என்னைப் பார்த்தார்.
எட்டிப் பார்த்து எழுதியிருக்க முடியாது,
நடுவில் ஐயாயிரம் கிலோமீட்டர்.

என்றோ ஜன்னலில் பனி விழுவதை வேடிக்கை பார்த்தபடி
நான் எழுதிய தப்பு,
எல்லைகளில் யாரும் நிறுத்தாமல்
ஜெர்மனியில் ஒரு விடுதி மேசைவரை போய்
என் எழுத்துப்பிழையோடு அப்படியே இறங்கியிருந்தது.
அவள் அதை மனப்பாடம் செய்திருக்கிறாள்.
சோர்ந்த கால்களை நீட்டிக்கொண்டு,
ஒருவேளை சத்தமாக.

என் கொட்டாவி இன்னொருத்தியின் பாடம்
என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.
அன்றிலிருந்து ஆறுகளை இரண்டு முறை சரிபார்க்கிறேன்.

மார்ச்சில் கணுக்கால் முறிந்து திரும்பினாள்.
ஊன்றுகோலைக் கரும்பலகையோரம் சாய்த்துவிட்டு
என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
பேனாவை எடுத்த டீச்சர்
பழக்கத்தில் ‘போ’ வரை எழுதி
அடித்துவிட்டு ஒரு டிக் போட்டார்.

நான் ஆற்றைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன்.
‘எந்த ஆறு?’ என்றாள்.

பிறகு அவளே எழுதத் தொடங்கினாள்.
நாக்கைக் கடித்துக்கொண்டு, மெல்ல.
வளைவில் சாயும்போது மடித்து வைப்பதுபோல்
இடது கை தானாக முதுகுக்குப் போயிருந்தது.

மறுநாள் எனக்குக் காய்ச்சல்.
இரவு பதினொன்றுக்கு ஒரு படம் வந்தது.
கோணலான வரிகள், பாதி எனக்குப் புரியவில்லை.
மூலையில்
நகம் உடைந்த ஒரு கட்டைவிரல்.