தம்

ஜுபைலில், ஆலையின் மூன்றாம் வாசலில்
லைட்டரை வாங்கி வைத்துக்கொண்டு
தகர டோக்கன் ஒன்று தருவார்கள்.
மாலையில் டோக்கனைக் கொடுத்தால்
நெருப்பு திரும்பக் கிடைக்கும்.
என்னுடையது நூற்றுப் பதினேழு.

உள்ளே புகைக்க ஒரே ஒரு கூண்டு.
கண்ணாடிச் சுவர், ஏசி,
சுவரோடு பதித்த மின்கம்பியில் பற்றவைக்க வேண்டும்.
ஒன்பதரைக்குப் பத்து நிமிஷம், மூன்றுக்குப் பத்து நிமிஷம்.
தம் அடிக்கிறவனுக்குத்தான் அந்தப் பத்து நிமிஷம்.
மற்றவன் நாற்பத்தெட்டு டிகிரியில்
குழாய் தூக்கிக்கொண்டிருப்பான்.
நான் பழகியது அங்கேதான்.
முதலில் புகைக்காக இல்லை,
ஏசிக்காக.

விட்டதற்கும் பெரிய ஞானம் ஒன்றும் காரணமில்லை.
மெடிக்கலில் ஒரு குழலுக்குள் ஊதச் சொன்னார்கள்.
எங்கள் நாலு பேருக்கு முள் பாதியிலேயே நின்றது.
முகமூடி போட்டு டேங்க்குக்குள் இறங்கத் தகுதியில்லை என்று
சீட்டில் சிவப்பு முத்திரை.
டேங்க்குக்குள் மணிக்கு மூன்று ரியால் கூடுதல்.
அதுதான் வலித்தது.

நான், தூத்துக்குடி எபனேசர், நேபாளி டேக் பகதூர்,
கிரேன் ஓட்டும் பெஷாவர்க்காரன் குல் ஜமான்.
எங்களுக்குள் பொது மொழி
எல்லாருக்கும் தப்பாகத் தெரிந்த இந்தி.
குழாயில் குறிபோடும் கட்டியால்
அலமாரிக் கதவில் நாளுக்கொரு கோடு கிழித்தோம்.

மூன்றாம் நாள் எபனேசர் சோற்றோடு சண்டை போட்டான்.
டேக் பகதூர் கிராம்பை அடக்கியபடியே தூங்கி
கன்னத்தின் உள்பக்கம் வெந்துபோய் எழுந்தான்.
எனக்குக் கைதான் தொந்தரவு.
வேலையில்லாத கை
சட்டைப் பையைப் போய்ப் போய்த் தட்டும்,
செத்தவன் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.

பக்கத்து அறையிலிருந்து ராத்திரி
குல் ஜமான் சுவரில் இரண்டு தட்டு தட்டுவான்:
இன்னும் அடிக்கவில்லை.
நானும் இரண்டு தட்டுவேன்.
நடுவில் ஒரு ஜிப்சம் பலகை,
எங்கள் இரண்டு பேர் இருமல்.

ஃபோர்மேன் கேட்டார்,
"தம் இல்லேன்னா பிரேக் எதுக்கு?"
"தம் கட்டத்தான் சார்" என்றான் எபனேசர்.
சார் கொல்லம்காரர், தமிழ் புரியும்.
சிரித்தார், பிரேக் தரவில்லை.
மறுநாள் ஒன்பதரைக்கு
குல் ஜமான் கிரேனை மெல்லத் திருப்பி
அதன் முதுகின் நிழலை எங்கள் மேல்
கொண்டுவந்து நிறுத்தினான்.
பாரம் எதுவும் தொங்கவில்லை.
குழாய் தோளில் இருந்தபடியே
மூன்று பேர் நின்றோம், ஒரு கட்டில் அகல நிழலில்.

இருபத்து மூன்றாம் நாள்
என் லீவு ஜனவரிக்குத் தள்ளிப்போனது.
துணி துவைக்கும் இடத்துக்குப் பின்னால்
யாரிடமோ வாங்கி, அடுத்தடுத்து மூன்று.
அன்றிரவும் சுவரில் இரண்டு தட்டு.
கையை முகர்ந்துகொண்டு சும்மா கிடந்தேன்.
மறுபடி இரண்டு.
பிறகு செருப்புச் சத்தம்.
வந்தவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.
நான் எழுந்து ஈரத்துணியோடு கதவருகே போக,
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.
"அழிக்காதே. இருபத்திரண்டு நாள் நடந்ததுதானே?
இன்னைக்கு நடந்தது இன்னைக்கு."
அன்றைக்கு மட்டும் கோடு இல்லை.
கதவில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது,
விழுந்த பல் மாதிரி.

வெள்ளிக்கிழமை போனில் மனைவி சொன்னாள்:
"முன்னெல்லாம் ஒவ்வொரு வார்த்தைக்கும்
நின்னு யோசிச்சுப் பேசுவீங்க.
இப்ப என்ன, மூச்சுவிடாமப் பேசுறீங்க?"
அந்த யோசனையெல்லாம் என்னவென்று
நான் சொல்லவில்லை.
ஊருக்குப் போய்ச் சொல்லலாம்.

வாசல் காவலாளி நேற்று நிறுத்தினான்.
"நூற்றுப் பதினேழு, உன் லைட்டர் ரெண்டு மாசமா கிடக்கு.
தூக்கிப் போடவா?"
இருக்கட்டும் என்றேன்.
டோக்கன் பையில்தான் இருக்கிறது.
அவ்வப்போது தொட்டுப் பார்ப்பேன், சூடாக இருக்கும்.
இங்கே எல்லாமே சூடுதான்.