வெண்ணெய்க்குப் பதில்

இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட்டைச் செருகி
மார்ச் மாதம் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.
அன்று மாலையே மார்கெத்தா
நீல மூடி போட்ட வெண்ணெய்ப் பெட்டியை
எதிர்வீட்டு ஐலியிடம் கொடுத்துவிட்டாள்,
பூனைக்குட்டியைத் தத்துக் கொடுப்பவள்போல்
அதன் முதுகை ஒருமுறை தடவிவிட்டு.

அதன்பின் எங்கள் சமையலறையில்
எல்லாமே வேறொன்றின் வேலையைப் பார்க்கிறது.
வேகவைத்து மசித்த ஆப்பிளுக்குச்
சர்க்கரை என்று பெயர்.
க்ரீம் இருந்த கிண்ணத்தில் கெட்டித் தயிர்.
மைதா பாதி, ஓட்ஸ் மாவு பாதி,
ஒரே பாத்திரத்தில்
புதுச் சம்பந்திகள்போல் முறைத்துக்கொண்டு.
உப்பின் நாற்காலியில்
சதகுப்பை உட்கார்ந்து பார்த்தது,
எலுமிச்சைத் தோல் உட்கார்ந்து பார்த்தது.
நாற்காலி இன்னும் காலி.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று
எந்த ஊர்க்காரன் சொன்னானோ
அவன் நாக்குதான் என் வாயில் இருக்கிறது.

முப்பத்தொரு குளிர்காலம்
பனி வாரும் வண்டி ஓட்டியவன் நான்.
லியெக்ஸாவிலிருந்து தெற்கே போகும் சாலை முழுக்க
டன் டன்னாய் உப்புத் தூவியவன்.
அந்தச் சாலையே என் உப்பைத் தின்று வளர்ந்தது.
என் உருளைக்கிழங்குக்கு
ஒரு சிட்டிகை கிடையாது.

(காரின் டேஷ்போர்டுக்குள்
பெட்ரோல் பங்க்கில் எடுத்த உப்புப் பொட்டலங்கள் ஏழு.
இதை இங்கே மட்டும் சொல்கிறேன்.)

ஞாயிற்றுக்கிழமை மகள் குடும்பத்தோடு வந்தாள்.
ரை மாவை மெல்லிதாய் உருட்டி
அரிசிக் கஞ்சியை நடுவில் வைத்து
ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மடித்த பை.
அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு
உருகிய வெண்ணெயில் குளிக்க வேண்டியது,
சூடான பாலிலும் இரண்டு கரண்டி எண்ணெயிலும்
முகம் மட்டும் கழுவிக்கொண்டு வந்தது.
மருமகன் சம்போ "நன்றாக இருக்கிறது" என்றான்,
துக்க வீட்டில் பேசும் குரலில்.
பேரன் ஓன்னிக்கு ஐந்து வயது.
"இது அட்டை" என்றான்.

மார்கெத்தா கோபிக்கவில்லை.
குறிப்பேட்டை எடுத்து எழுதினாள்.
அவள் தூங்கியபின் திறந்து பார்த்தேன்:
ஆறாவது தடவை. ஓரம் காய்ந்துவிட்டது.
பால் இன்னும் அரைக் கோப்பை.
ரெய்யோ மூன்று தின்றான், பாவம்.

பாவம் என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு.

நவம்பர் இரவு, இரண்டு மணி இருக்கும்.
தாகம் என்று எழுந்தேன்
(தாகம் இல்லை, கார் சாவியைத் தேடித்தான்).
குளிர்பெட்டி திறந்திருந்தது.
அந்த வெளிச்சத்தில் கம்பளிக் காலுறையோடு அவள்.
கையில் ஒரு துண்டு ரொட்டி.
ரொட்டியைவிடத் தடிமனாய் அதன்மேல் வெண்ணெய்.
கண்களை மூடியிருந்தாள்.
பீட்ரூட் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால்
நீல மூடி.
தத்துக் கொடுத்த பூனை
வீடு திரும்பியிருந்தது.

அவள் இதயத்தில் எந்தக் குழாயும் அடைக்கவில்லை.
எந்த மருத்துவரும் அவளிடம் எதையும் விடச் சொல்லவில்லை.
எட்டு மாதமாய் என் தட்டில் இருந்ததுதான்
அவள் தட்டிலும் இருந்தது.
நான் அதைக் கவனித்ததே இல்லை.
என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் நகர்ந்தேன்.
வண்டியைப் பின்னோக்கி எடுக்கும் முன்
ஹாரன் அடிப்போமே, அப்படி
நடைவழியில் நின்று பலமாய் இருமினேன்.
ஜாடி நகரும் சத்தம். கதவு மூடும் சத்தம்.
"தூக்கம் வரவில்லையா?" என்றாள் இருட்டில்.
"தாகம்."
தண்ணீர் கொடுத்தாள்.
ஜன்னல் பனியின் வெளுப்பில்
அவள் உதட்டோரம் மினுங்கியது.
துடைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை.

காலையில் ஆப்பிள் மசித்த கேக்.
"இன்று ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தாள்.
எட்டு மாதத்தில் நான் சொன்ன முதல் குறை அது.
பென்சிலைத் தேடினாள்.

பொட்டலங்களில் இன்னும் ஐந்து இருக்கின்றன.