சாய்வு குறித்த வாக்கெடுப்பு

சரகோசா நகரின் சான் பெலிப்பே சதுக்கத்தில்
கோபுரம் இருந்த வெற்றிடத்தை
வெண்கலச் சிறுவன் ஒருவன் தரையில் உட்கார்ந்து
அண்ணாந்து பார்த்துக்கொண்டேயிருக்கிறான்.
அவன் பார்வை போகிற வழியில்
மூன்றாம் மாடியில்
என் துணி காய்கிறது.

மார்ச் மாதச் செவ்வாய், இரவு எட்டு மணி.
மறுபடி கட்டலாமா என்று பேச
ஒரோசியாவின் காப்பிக்கடையில் பதினேழு பேர்.
சியெர்சோ காற்று கதவைப் பிடித்து உலுக்கியது,
தனக்கும் ஒரு வாக்கு வேண்டும் என்பதுபோல.

பொறியாளர் லகாம்ப்ரா
வெள்ளை பிளாஸ்டிக்கில் கோபுரத்தை அச்சடித்து வந்திருந்தார்.
முழங்கை உயரம். விறைப்பாக நின்றது.
"இது அது இல்லை" என்றாள் ஒரோசியா.
சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை மடித்து
அடியில் செருகினாள்.
உடனே எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது,
எங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்திராத ஒன்றை.

அங்கேதான் பிடித்தது சண்டை.
அவசரமாய்க் கட்டியதில் வந்த கோணலை
நிதானமாய்க் கணக்குப் போட்டு
மில்லிமீட்டர் பிசகாமல் கட்டுவதா?
விழுந்துவிடும் என்று பயந்துதானே இடித்தார்கள்,
நேராய் நிறுத்தினால் எதை மீட்டோம்?
சாய்த்து நிறுத்தினால்
அந்தப் பயத்தையும் சேர்த்தா?

மருந்துக்கடை ஃபௌஸ்தோ எழுந்தார்:
"என் கடைக்கு வெயில் வந்துசேர
நானூறு ஆண்டு ஆயிற்று.
திருப்பித் தர மாட்டேன்."
சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

நான் வாய் திறக்கவில்லை.
இடித்த செங்கல்லை வண்டி வண்டியாய்
வீடு கட்ட விற்றார்கள் என்று கேள்வி.
போன கோடையில் குழாய் மாற்ற
என் குளியலறைச் சுவரை உடைத்தபோது
ஒரு கல் எட்டிப் பார்த்தது.
முனை சரிவாய்ச் சீவியிருந்தது,
வெளியே தெரிவதற்கென்றே வார்த்ததைப்போல.
குழாய்க்காரர் என்னைப் பார்த்தார்.
மேலே ஓடு ஒட்டச் சொன்னேன்.
பச்சை ஓடு, தள்ளுபடியில் வாங்கியது.

வாக்கு: எட்டுக்கு எட்டு.
பதினேழாவது கை
கோட்டுப் பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.

ஒரோசியா விளக்கை ஒவ்வொன்றாய் அணைத்தாள்.
லகாம்ப்ரா பொட்டலத்தை உருவி
ஆறிப்போன காப்பியில் கொட்டிக் கலக்கினார்.
கோபுரம் நிமிர்ந்தது.
அதை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து
பல் துலக்குகையில் சுவரைப் பார்த்தேன்.
நேராய்த்தான் இருக்கிறது.
என்னிடம் ரசமட்டம் இல்லை.