பொருள் எண் 417

கிழமையில் இரண்டு நாள் வந்தேன். இப்போது ஒன்று.
அறுபது லீற்றர் தாங்கி, நான்கு சில்லு, ஒன்று கீச்சிடும்.
பார்மனில் தொங்கு ரயிலால் இறங்கி
சரக்கு வாசலால் உள்ளே போனால்
ஊரன்ஹோஃப்.
மணிக்கூடுகளின் முற்றம் என்று பொருளாம்.
என் காதில் முதல்நாளே அது ஊர் என்று விழுந்தது,
சிரித்துவிட்டேன்.
ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும்போது சிரித்த பெண் என்று
ப்ரிங்க்மான் இன்னமும் சொல்லித் திரிகிறார்.

எண்பத்திரண்டு கடை இருந்தது.
பதினொன்று இருக்கிறது,
திறப்பு வெட்டுகிற ஜெவ்டெட்டை ஒன்றாகவும்
சப்பாத்துத் தைக்கிற அதே ஜெவ்டெட்டை இன்னொன்றாகவும் எண்ணினால்.
மூடிய கண்ணாடிகளில் சிரிக்கும் குடும்பங்கள்:
‘இங்கே புதிதாய் ஒன்று வருகிறது.’
ஆறு வருடமாய் வருகிறது.
ஓடும் படிகளை நிறுத்தியாயிற்று.
நின்ற படியில் ஏறுகிறவர்கள்
முதல் அடியில் ஒருதரம் தடுமாறுவார்கள்.
கால் இன்னும் ஓட்டத்தை நம்புகிறது.

என் வேலை மரங்கள்.
ஆறு ஃபிக்குஸ், ஆலுக்கு ஒன்றுவிட்ட உறவு.
கூரைக்குக் கண்ணாடி போடுமுன்பு
தொண்ணூற்றாறில் கிரேனால் இறக்கினார்களாம்.
இப்போது ஒன்பது மீற்றர்.
வாசல் இரண்டு மீற்றர் நாற்பது.

ஜனவரியில் கடன் கணக்குப் பார்க்க
நீதிமன்றம் அனுப்பிய ஆள் வந்தார்,
கையில் சிவப்புப் புள்ளி விழுத்தும் கருவி.
சுவரை அளந்தார், வாங்கை அளந்தார்,
ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாள்.
மூன்றாவது மரத்தின் தண்டில்:
பொருள் எண் 417. மரம், உயிருள்ளது. மதிப்பு: பூச்சியம்.
418 குப்பைத்தொட்டி. அதற்குப் பதினைந்து யூரோ.

ஏப்ரலில் சனங்களைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள்,
மூடிப்போன சப்பாத்துக் கடைக்குள் கதிரை போட்டு.
முதியோர் வீடு என்றது ஒரு படம்.
நூலகமும் நீச்சல் தடாகமும் என்றது இன்னொன்று.
பொதி பிரிக்கும் கிடங்கு என்றவர் படமே கொண்டுவரவில்லை.
காசு அவரிடம்தான், என்றார் ஜெவ்டெட், என் காதுக்குள்.
படம் இருந்த எல்லாவற்றிலும் மரம் இருந்தது,
கணினியில் வளர்ந்தது, ஒரே பச்சை,
கீழே ஓர் இலை கூட விழுந்து கிடக்கவில்லை.

நான் கை உயர்த்தினேன். டொச் நாக்கில் தடக்கியது.
“இருக்கிற மரங்கள் எந்த வழியால் வெளியே போகும்?”
படம் வரைந்த பெண், சின்னப்பெண், நல்லவள்,
தாள்களைப் பிரட்டினாள்.
பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.
பார்த்தாள்தான்:
கூரையை ஒருதரம், வாசலை ஒருதரம், பிறகு என்னை.
வாள் என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை.

சூட்டைப் பதினாலுக்கு இறக்கியதில் இருந்து
இலை கொட்டுகிறது.
இடம் மாற்றினால்தான் கொட்டும் இந்த இனம் என்பார்கள்.
நின்ற இடத்திலேயே நிற்கிறது. கொட்டுகிறது.
கூட்டி அள்ளுவது ஒப்பந்தத்தில் இல்லை.
அள்ளுகிறேன்.
பள்ளி விட்டு வரும் மூன்று பொடியள்
ஒரு பெட்டிப் பொரித்த கிழங்கை நடுவில் வைத்துக்கொண்டு
நாலரை வரை மரத்தடியில் இருப்பார்கள்.
வீட்டைவிட இங்கே வைஃபை நல்லதாம்.
நான் கூட்டும்போது கால்களைத் தூக்குவார்கள்,
போனிலிருந்து கண் எடுக்காமல், மூன்று பேரும் ஒன்றாக.

இனி, பட்டியலில் இல்லாத ஒன்று.
வற்றிய நீரூற்றுத் தொட்டியில்,
மேலே கண்ணாடி ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே,
வெடித்த ஓட்டின் இடுக்கில் ஒரு பிர்ச் கன்று.
முழங்கால் உயரம்.
எந்தக் கிரேனும் இறக்கவில்லை.
ரயில்பாதை ஓரமெல்லாம் இதுதான் நிற்கும்,
ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
அதற்கு நான் தண்ணி ஊற்றுவதில்லை. கூரை ஊற்றுகிறது.

ப்ரிங்க்மானும் கண்டிருக்கிறார்.
ஒழுக்கை அடைக்கப் பசைவாளியோடு ஏணியில் ஏறியவர்
பாதியில் நின்று, கீழே பார்த்து,
வாளியை மூடிக்கொண்டு இறங்கினார்.
“பசை காய்ந்துபோச்சு,” என்றார்,
நான் ஒன்றும் கேட்கமுதலே.

போன வெள்ளி தாங்கியை நிரப்பப் போனால்
குழாயிலும் ஒட்டுத்தாள். 602.
திருகினேன்.
கொஞ்சம் இருமிவிட்டு வந்தது தண்ணி.