கல் கணக்கு

கெங்கி உருண்டை ஒன்றில் எனக்கு நிற்பது அரை சீடி.
சிமென்ட் கல் ஒன்று எட்டு சீடி.
பதினாறு உருண்டைக்கு ஒரு கல்.
போன வருஷம் பன்னிரண்டுதான்.
மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து, பிசைந்து,
தோகையில் சுற்றி நான் அவிப்பது சாப்பாடு என்று
டோடோவா சந்தை நினைத்துக்கொண்டிருக்கிறது.
நான் சுவர் அவிக்கிறேன்.

வங்கியில் ஏசி நன்றாக இருந்தது.
அந்தப் பையன் சம்பளச் சீட்டு கேட்டான்.
வட்டி முப்பத்திரண்டு என்றான்.
வருஷத்துக்கா, ஆயுளுக்கா என்றேன்.
சிரிக்கவில்லை.
வெளியே வந்து வெயிலில் நின்று
அந்த வட்டியைக் கல்லாக மாற்றிப் பார்த்தேன்:
வங்கிக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு,
இரண்டையும் நானே கட்டவேண்டும்.

அதற்கு முன்னால் சூசூ கட்டினேன்.
சாயங்காலமானால் லாரியா வருவான்.
அட்டையில் முப்பத்தொரு கட்டம்,
கட்டத்துக்குப் பத்து சீடி,
அதில் ஒரு கட்டம் அவன் கூலி.
இரண்டு வருஷம் நாணயமானவன்.
மூன்றாம் வருஷம் டிசம்பரில்
அவன் வாடகை அறையில் செருப்பு மட்டும் இருந்தது.
அன்றிலிருந்து நான் காசைக் காசாக வைப்பதில்லை.
கல்லுக்குக் கால் கிடையாது.
விலைவாசி அதைத் தின்னாது.
பாசி கொஞ்சம் தின்னும், தின்னட்டும்.

வரைபடம் போட்ட அமார்ட்டே
நாலு படுக்கையறை வைத்திருந்தார்,
கார் நிறுத்த முன்னால் ஒரு கூரை.
கார் இல்லையே என்றேன்.
வரும் என்றார்.
வந்தால் தெருவில் நிற்கட்டும், அழியுங்கள்.
ரப்பர் தேய்த்த இடத்தில் அறுநூறு கல் மிச்சம்.
சாப்பிட என்று தனி அறை?
அதையும்.

ஹாம்பர்க்கிலிருந்து தங்கை கோர்க்கோய் கத்தினாள்:
மாடி வேண்டும், என் பங்குக்கு மாடி.
பணமும் அனுப்பினாள், கம்பிக்கு மட்டும்.
ஆகவே கூரை இல்லாத என் வீட்டின் தூண்களில்
கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.
நான் துணி காயப்போடுகிறேன்.

சுவர் ஜன்னல் மட்டம் வந்த வாரம்
நகராட்சி ஆட்கள் சிவப்புப் பெயின்டில்
எழுதிவிட்டுப் போனார்கள்:
வேலையை நிறுத்து. அனுமதியைக் காட்டு.
கொத்தனார் சொவா கரண்டியைக் கழுவிவிட்டார்.
அனுமதிக்கு இருநூற்று எழுபது கல்.
அனுமதி கொடுக்கிறவரின் தாகத்துக்கு நாற்பது.
அன்று இரவு தூக்கம் வரவில்லை.
ஆனால் ஒன்று, அது நல்ல பெயின்ட்.
மூன்று மழைக்காலத்துக்கும் ஓர் எழுத்து உதிரவில்லை.
எந்தக் கம்பெனி என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

சொவா திரும்பி வந்தபோது
நடுக்கூடத்தில் ஒரு பப்பாளி
அவர் தலைக்கு மேல் நின்றது.
யார் துப்பிய விதையோ.
"இதுக்கு அனுமதி வாங்கினீங்களா?" என்றார்.
தளம் போட வெட்டியாகவேண்டும்.
வெட்டுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
அண்ணாந்து பார்த்ததில் காயை எண்ணிவிட்டேன்.
பதினொன்று.
சந்தையில் ஒரு பழம் பன்னிரண்டு சீடி. ஒன்றரைக் கல்.
படுக்கையறைக்கு முதலில் தகரம் போடுங்கள்,
கூடம் பொறுக்கும் என்றேன்.

நேற்று அந்த அறையில் முதல் ராத்திரி.
பலகையைச் சாய்த்து வைத்ததுதான் கதவு.
தலைமாட்டில் சிவப்பு எழுத்தின் பாதி: நிறுத்து.
பத்து மணிக்கு மழை பிடித்தது.
புதுத் தகரத்தில் அப்படி ஒரு சத்தம்,
எதைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே
மறந்துபோயிற்று.
இரண்டு மணிக்குத் தெற்கு மூலை ஒழுகியது.
பேசினை வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிந்ததும் அந்தத் தண்ணீரில் சோளம் ஊறப்போட்டேன்.
கதவு எண்ணூறு சீடி சொல்கிறார்கள்.
ஆயிரத்து அறுநூறு உருண்டை.