பதினோராவது நிரை

காலை ஆறரை.
ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிப் பக்கம்
நாலாம் கிலோமீற்றர்.
என் கையில் படிவம். பத்து நிரைகள்,
கொழும்பில் யாரோ தட்டி அனுப்பியவை:
சூட்டுக் காயம். பின்னுக்கு வரும் டிப்பர்.
றோலருக்கும் மரத்துக்கும் நடுவில் அகப்படல்.
புகை. வெயில். தலைக்கு மேல் மின்கம்பி.
ஒவ்வொன்றுக்கும் கூடியது, நடுத்தரம், குறைந்தது.
யானைக்கு நிரை இல்லை.
போன கிழமை அது வந்து
ஆறு கூம்புகளை மிதித்துவிட்டுப் போனதை
'ஏனையவை' என்ற இடத்தில் எழுதினேன்.

"கலவை நூற்றைம்பது பாகையில் வருது.
கொதிக்கிற கஞ்சி நூறு.
அது காலில ஊத்துப்பட்டாலே என்ன பாடு?"
சந்தனமேரி காற்சட்டை விளிம்பைத் தூக்கித்
தன் தழும்பை எல்லாருக்கும் காட்டினா.
"தார் ஒட்டினா உரிக்கக் கூடாது.
தண்ணி. இருபது நிமிசம். தண்ணி மட்டும்."
"டீசல் போட்டாக் கழண்டிடும் மிஸ்."
"தோலும் கழண்டிடும்."

செருப்போடு வந்த பிரதீபனைத்
திருப்பி அனுப்பினேன்.
அவனுடைய ஒருநாள் சம்பளம்
என் வாயால் போனது.
பத்து மணிவரை பாலைமரத்தடியில் நின்றான்,
யாராவது சப்பாத்தைக் கழற்றிக் கொடுப்பார்கள் என்பதுபோல.
பிறகு சைக்கிளை எடுத்தான்.
சங்கிலி விழுந்தது. போட்டான். திரும்ப விழுந்தது.
நான் படிவத்திலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

றோலர் ஓட்டும் நிஹாலுக்குத் தமிழில் நாலு சொல்.
எனக்குச் சிங்களத்தில் ஏழு.
மிச்சமெல்லாம் விசில்.
நீட்டி ஒன்று: நில்.
குறுக்கி இரண்டு: பின்னுக்கு எடு.
வேறு எதையும் நாங்கள்
விசிலில் பேசிக்கொள்வதில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கிட்ட
"றமீஸ், பெட்டியைத் தூக்காதை, கம்பி!" என்று
டிப்பர் பக்கம் கத்திக்கொண்டிருந்தபோது
தார் மணத்துக்குள் இன்னொரு மணம்.
இறப்பர்.

செல்வரூபன் சூட்டுக் கலவையில் நின்று
வாரியால் இழுத்துக்கொண்டிருந்தான்,
முற்றம் கூட்டுகிறவனின் நிதானத்தோடு.
இடது சப்பாத்தின் அடி பிளந்து
உள்ளே தார் ஏறிப் புகைந்தது.
வேறொருவன் என்றால் துள்ளியிருப்பான்.

நீட்டி ஒன்று ஊதினேன்.
எல்லாரும் நின்றார்கள். அவனும் நின்றான்,
அதே இடத்தில்.
"வெளியில வாங்கோ!"
"ஏன் மிஸ்? எனக்கு ஒண்டும் சுடேல்லையே."

கரையில் இருத்தித் தண்ணீர் ஊற்றினோம்.
சப்பாத்து கழன்றபோது
பெருவிரல் இருந்த இடம்
வழிந்து உறைந்து கிடந்தது.
முழங்காலுக்குக் கீழே எல்லாம்
யாரோ செய்து கொடுத்தது.
"விண்ணப்பத்தில போடேல்லையே?"
"போட்டிருந்தா எடுத்திருப்பீங்களோ?"

நிஹால் இறங்கி வந்து குனிந்து பார்த்தான்.
எங்கே, எப்போது என்று கேட்க
அவனுடைய நாலில் சொல் இல்லை.
என் ஏழில் பதிலும் இல்லை.
தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே
றோலருக்குத் திரும்பினான்.
கலவை ஆறிக்கொண்டிருந்தது, காத்திருக்காது.

காலையில் எல்லாச் சப்பாத்தையும் பார்த்தேன்.
நாடாவைப் பார்த்தேன். அளவைப் பார்த்தேன்.
ஒன்றையும் புரட்டி
அடியைப் பார்க்கவில்லை.

படிவத்தின் கீழே பேனையால் கோடு இழுத்தேன்.
பதினொன்று: வெப்பம் தெரியாத கால்.
ஆபத்து: கூடியது.
யாரால்: என்னாலும்.
கட்டுப்பாடு: சூட்டில் நிற்கும் வேலை இல்லை.
கொடி பிடிக்கும் இடம், நிழல், கதிரை.
அதே சம்பளம்.
கடைசி இரண்டு சொற்களுக்கும் அடிக்கோடு.
கொழும்பிலிருந்து கேட்பார்கள்.
கேட்கட்டும்.

மாலை ஐந்தரை. வெப்பமானியை நீட்டினேன்.
நாற்பத்தாறு.
நிசாந்தினி பலகையைப் பச்சைப் பக்கம் திருப்பினாள்.
முதலில் வந்தது ஒரு சைக்கிள்.
புதுத் தார்மேல் சத்தமில்லாமல்,
சங்கிலி விழாமல்,
செருப்புக் கால்களால் மிதித்தபடி பிரதீபன்.
என்னைப் பார்க்கவில்லை.
கொஞ்சத் தூரம் போய்
ஒரு காலை ஊன்றி நின்று
றோட்டைக் கையால் தொட்டுப் பார்த்தான்.