பதிமூன்றாம் வளைவு

மகள் ஓசூரிலிருந்து வந்து இறக்கிப் போனது
இரண்டு பை, ஒரு நீச்சல் வளையம்,
தன்ஷிகா, பூவரசன்,
பிறகு வாட்ஸப்பில் ஒரு பட்டியல்.
"போன மட்டும் கையில குடுத்துடாதீங்கப்பா,
பத்து நாளைக்கு வேலை இருக்கு இதுல."

பூசணி விதை போட்டோம்.
வாளியில் கப்பல் விட்டோம்.
போர்வையைக் கொடிக்கயிற்றில் கட்டிக் கூடாரம் என்றோம்,
அது என் தலைமேல் விழுந்தது.
பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை எண்ணும்போதே
பூவரசன் ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டான்,
தும்மல் வரும்வரை தெருவே கூடி நின்றது.
மணி பார்த்தேன், பதினொன்றே கால்.
பட்டியல் தீர்ந்துவிட்டது.

"தாத்தா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"
"ஏற்காடு பஸ்ல கண்டக்டர். இருபத்தெட்டு வருசம்."
"அப்ப மேல என்ன இருக்கு?"
"பஸ் ஸ்டாண்டு இருக்கு.
பத்து நிமிசம் நிக்கும், டீ குடிப்போம், இறங்கிருவோம்."
இருவரும் என்னைப் பார்த்த பார்வை
கிழிந்த பத்து ரூபாயை நீட்டிய பயணியை
நான் பார்த்த பார்வை.

மறுநாள் அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட்,
ஆளுக்கு ஒன்று, எனக்கு மூன்று,
பூண்டுச் சட்னி கொஞ்சம் கூடுதலாக.
கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் காற்று மாறியது.
ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன், வாழ்க்கையில் முதல்முறையாக.
கம்பியில் சாய்ந்து நின்றே ஏறிய மலை
உட்கார்ந்தால் இப்படிச் சுழலும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஏழாம் வளைவிலேயே முகம் பார்த்து
யார் வாந்தி எடுப்பார் என்று சொல்லிவிடுவேன் அந்த நாளில்.
தோல்பையில் சில்லறைக்குப் பக்கத்தில்
எப்போதும் நான்கைந்து எலுமிச்சம்பழம்.
பழக்கம், இன்றைக்கும் மஞ்சப்பையில் இருந்தது,
பழைய விசிலும் இருந்தது.

"அக்கா, தாத்தா பச்சையா ஆயிட்டாரு."

அடுத்த நொடி ஒரு விசில்.
வண்டி நின்றது.
டிக்கெட் மிஷினோடு பையன் பாய்ந்து வந்தான்:
"யாரு அடிச்சது?"
ஒன்பது வயது எழுந்து நின்று,
"நான்தான். பேசஞ்சருக்கு முடியல, ஓல்டான்" என்றாள்.

சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நடந்ததை விடுங்கள்.
நிமிர்ந்தபோது பலகையில் பதிமூன்று.
எத்தனை ஆயிரம் முறை கடந்தேனோ,
நின்றதே இல்லை இங்கே.
கீழே சேலம்,
யாரோ சீட்டுக்கட்டைக் கொட்டிவிட்டு
எடுக்காமல் போனதுபோல.
வெள்ளைக்கல் சுரங்கம் மட்டும்
அரைத்து வைத்த சுண்ணாம்பாய்ப் பளபளத்தது.
தன்ஷிகா எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி
என் மூக்கருகே பிடித்தாள்.
ஒரு குரங்கு வந்து அதையும் வாங்கிக்கொண்டது,
டிக்கெட் எடுக்காமல்.

ரெண்டு விசில். அதையும் அவளே அடித்தாள்.
டிரைவர் சிரித்துக்கொண்டே கியரைத் தட்டினார்.

ஏரியில் மிதிபடகு.
என் முட்டி ஒரு பக்கம், அவள் கால் ஒரு பக்கம்,
அவள் இரண்டு மிதிக்கு நான் ஒன்று.
அரை மணி நேரம் ஒரே வட்டம் போட்டோம்,
கரையில் இருந்தவர்கள் கைகாட்டினார்கள்,
உதவி கேட்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும்.
பின்னால் பூவரசன்
"உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று
தண்ணீரிடம் கத்திக்கொண்டே வந்தான்.
ஒரு மேகம் ஏரிமேல் இறங்கி
எங்களையும் ஏற்றிக்கொண்டது.

இரவு மகள் கூப்பிட்டாள்.
"என்னப்பா செஞ்சீங்க இன்னைக்கு?
பட்டியல்ல எத்தனாவது?"
பொருத்தமாக ஒரு பதில் தேடுவதற்குள்
போனைப் பிடுங்கிவிட்டான் பயல்:

"அம்மா, தாத்தா வாந்தி எடுத்தாரு!
நாளைக்கும் போறோம்!"